ஜப்பானில் எங்கே போகலாம், எப்படிப் பார்க்கலாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்கு முதல்முறை கிளம்புகிற தமிழ்ப் பயணிகள் அதிகம் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே. கட்டணங்களும் நேரங்களும் அவ்வப்போது மாறும் என்பதால், பணம் கட்டுமுன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பத்து நாள் இருக்கிறது. முதல் பயணத்தில் எந்தெந்த ஊர் பார்க்கலாம்?

டோக்கியோவுக்கு நான்கு நாள், கியோட்டோவுக்கு நான்கு நாள், மீதி இரண்டு நாளை ஹிரோஷிமாவுக்கோ கோயாசான் மலைக்கோ கொடுங்கள். இதற்கு மேல் தங்கும் ஊர்களைக் கூட்ட வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

பல குழுச் சுற்றுலா அட்டவணைகளில் எட்டு நாளுக்கு ஆறேழு ஊர்கள் இருக்கும். காலையில் பெட்டியைக் கட்டு, மதியம் கோயில் வாசலில் ஒரு படம், இரவு அடுத்த ஓட்டல் என்றே நாள் ஓடிவிடும். ஜப்பானின் பேர்பெற்ற இடங்களில் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை நகர முடியாத கூட்டம். அதே இடத்தில் காலை ஆறரைக்குப் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அங்கே நிற்க வேண்டுமென்றால் முதல்நாள் இரவே அந்த ஊரில் தங்கியிருக்க வேண்டும். எத்தனை இடம் பார்த்தோம் என்பதைவிட எந்த நேரத்தில் பார்த்தோம் என்பதுதான் ஜப்பானில் பெரிய வித்தியாசத்தைத் தரும்.

ஊர் குறைவாக இருக்கிறதே என்று கவலைப்படத் தேவையில்லை. நாரா, ஒசாகா, ஹிமேஜி மூன்றுக்கும் கியோட்டோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம். டோக்கியோவிலிருந்து காமகுரா ஒரு மணி நேரம், நிக்கோ இரண்டு மணி நேரம். எல்லாமே காலையில் போய் இரவில் திரும்பக்கூடியவை. இன்னொன்று: டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவுக்குப் பக்கத்திலுள்ள கான்சாய் விமான நிலையத்திலிருந்து ஊர் திரும்பும்படி டிக்கெட் எடுத்தால் திரும்பிவரும் ரயில் செலவும் அரை நாளும் மிச்சமாகும்.

எந்த மாதம் நல்லது?

செர்ரிப் பூவுக்காகப் போகிறீர்கள் என்றால் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் மார்ச் கடைசி வாரம், ஏப்ரல் முதல் வாரம். மரம் முழுசாகப் பூத்தபின் ஒரு வாரம் தாங்கும். நடுவில் பலத்த மழை ஒன்று அடித்தால் அதுவும் இல்லை. அந்தச் சமயத்தில் அறை வாடகை எக்கச்சக்கமாக ஏறிவிடும். பூவைப் பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசை இல்லாதவர்கள் நவம்பர் பிற்பாதியில் போகலாம். கியோட்டோவில் மேப்பிள் இலைகள் சிவப்பது அப்போதுதான். வானமும் தெளிவாக இருக்கும், நடக்கவும் இதமான குளிர்.

ஜூன் தொடங்கி ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம். ஆகஸ்டில் நம்மூர் மே மாதப் புழுக்கம், கூடவே சூறாவளிப் பருவம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை பொன் வாரம் என்று வரும் தொடர் விடுமுறையில் ஜப்பான் மக்களே மொத்தமாகப் பயணம் கிளம்புவார்கள். ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைத்து வழிபடும் ஓபோன் நாட்களிலும் அப்படித்தான். நம் பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்ற குடும்பங்கள் பொன் வாரம் முடிந்து மே இரண்டாம் வாரத்தில் போனால் நல்ல வெயிலும் குறைந்த கூட்டமும் கிடைக்கும். ஏப்ரல் கடைசியில் போகிறவர்களுக்கு டோக்கியோவில் பூ முடிந்திருக்கும். ஆனால் வடக்கே ஹிரோசாகி கோட்டையைச் சுற்றி அப்போதுதான் பூத்திருக்கும்.

விசா வாங்குவது கடினமா?

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குக் கட்டாயம் விசா வேண்டும். 2024 ஏப்ரல் முதல் சுற்றுலாவுக்கு மின்விசா தருகிறார்கள்; ஒருமுறை நுழைவு, 90 நாள் வரை. விண்ணப்ப மையத்தில் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: மின்விசாவை விமான நிலையத்தில் இணைய இணைப்போடு கைபேசித் திரையில் திறந்து காட்டச் சொல்வார்கள். அச்செடுத்த தாளையும் ஸ்கிரீன்ஷாட்டையும் ஏற்க மாட்டார்கள். ஆகவே இறங்கியதும் வேலை செய்கிற இணைய வசதியை ஊரிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இலங்கையர்களுக்கும் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் குறுகிய காலச் சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே போகலாம். மலேசியர்களுக்குச் சில்லு பதித்த கடவுச்சீட்டாக இருக்க வேண்டும்.

டோக்கியோ வெறும் கட்டடக் காடு என்கிறார்களே, நான்கு நாள் எதற்கு?

டோக்கியோவை ஒரே நகரமாக நினைத்துப் போனால் அப்படித்தான் தெரியும். ரயில் நிலையத்துக்கு நிலையம் குணம் மாறுகிற பல ஊர்கள் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. யமனோதே என்ற வட்டப் பாதை ரயில் அவற்றில் பலவற்றைத் தொட்டபடி சுமார் ஒரு மணி நேரத்தில் சுற்றி வரும்.

அசாகுசாவில் சென்சோஜி கோயில். பிரம்மாண்டமான சிவப்பு விளக்குத் தொங்கும் நுழைவாயில், அதைத் தாண்டி இருபுறமும் பலகாரக் கடைகள் வரிசையாக உள்ள தெரு. 1945 மார்ச் குண்டுவீச்சில் பழைய மண்டபம் எரிந்துபோய், இப்போதிருப்பது 1958-இல் கட்டி முடித்தது. இரவு கடைகள் மூடியபின் போய்ப் பாருங்கள். கோயிலும் கோபுரமும் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும், வளாகம் திறந்தே இருக்கும், கட்டணமும் கிடையாது.

ஹராஜுக்கு நிலையத்தை ஒட்டி மெய்ஜி ஜிங்கு. 1920-இல் எழுப்பிய இந்த ஆலயத்தைச் சூழ்ந்திருக்கும் காடு தானாக வளர்ந்த காடில்லை. நாடெங்குமிருந்து மக்கள் கொடுத்த ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களை நட்டு, நூறு வருடம் கழித்து எப்படி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு உருவாக்கியது. அந்தக் கணக்கு பலித்திருக்கிறது. நகரத்தை மேலிருந்து பார்க்க 634 மீட்டர் ஸ்கைட்ரீ உண்டு. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் ஷின்ஜுக்குவில் உள்ள டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்துக்குப் போகலாம். 202 மீட்டர் உயரத்தில் பார்வைத் தளம், இலவசம்.

சுகினாமி பகுதியில் ரென்கோஜி என்றொரு சின்ன பௌத்தக் கோயில் இருக்கிறது. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் அஸ்தி என்று சொல்லப்படும் கலசம் அங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை. மலாயாவிலிருந்து இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த தமிழர்களின் குடும்பங்களுக்கு அந்த வாசலில் நிற்பது சாதாரண விஷயமாக இருக்காது.

கியோட்டோவில் கூட்டம் தாங்க முடியவில்லை என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். போகத்தான் வேண்டுமா?

போக வேண்டும். 794-இல் தலைநகரானது; ஆயிரம் வருடத்துக்கும் மேல் பேரரசர் இருந்த ஊர். இரண்டாம் உலகப் போரின் பெருங்குண்டு வீச்சுகளிலிருந்து தப்பியதால் பழைய கோயில்களும் தெருக்களும் அங்கே இருக்கிற மாதிரி வேறெந்தப் பெருநகரத்திலும் இல்லை. கூட்டம் இருப்பதும் உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் எட்டரை மணிக்கு மேல்தான் வரும்.

ஃபுஷிமி இனாரியை எடுத்துக்கொள்ளுங்கள். கியோட்டோ நிலையத்திலிருந்து நாரா பாதையில் இரண்டாவது நிறுத்தம். நெல்லுக்கும் வியாபாரத்துக்கும் உரிய தெய்வமான இனாரியின் தலைமை ஆலயம். 233 மீட்டர் உயரமுள்ள மலை முழுக்க ஆயிரக்கணக்கான செந்நிற மரத் தோரணவாயில்கள். கதவும் பூட்டும் இல்லை, நுழைவுக் கட்டணமும் இல்லை, நாள் முழுக்கத் திறந்திருக்கும். ஆறு மணிக்குப் போய் மேலே ஏறுங்கள். ஏறும்போது வெறும் சிவப்புத் தூண்கள்தான் தெரியும். இறங்கும்போது பார்த்தால் ஒவ்வொரு தூணின் பின்பக்கத்திலும் கறுப்பு எழுத்துகள்: காணிக்கை கொடுத்த கடையின் பெயர் அல்லது ஆளின் பெயர், நிறுத்திய தேதி. நம் கோயில்களில் குழல்விளக்கில் உபயதாரர் பெயர் எழுதியிருப்பது போலத்தான். மரம் உளுத்துப்போனதும் அதை எடுத்துவிட்டு இன்னொருவர் காணிக்கையை நடுவார்கள். அடிவாரத்தில் பச்சை மர வாசனை அடிக்கிற புதுத் தூணும், மேலே பாசி பிடித்து அடிப்பகுதி இற்றுப்போன தூணும் ஒரே பாதையில் நிற்கும். முக்கால்வாசிப் பேர் முதல் இருநூறு மீட்டரிலேயே படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அரை மணிக்குக் கொஞ்சம் மேல் ஏறினால் யோத்சுத்சுஜி என்ற நாற்சந்தி. அங்கிருந்து நகரம் முழுவதும் தெரியும். உச்சிவரை போய்த் திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

கியோமிசுதெராவும் காலை ஆறு மணிக்கே திறக்கும். மலைச்சரிவில் உயரமான மரத்தூண்கள் தாங்கி நிற்கும் அதன் மேடை 1633-இல் ஆணி இல்லாமல் கட்டியது. கின்ககுஜி என்ற தங்கக் கோயில் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், அங்கே கூட்டத்திலிருந்து தப்ப முடியாது. 1950-இல் இளம் துறவி ஒருவரே அதற்குத் தீவைத்தார். இப்போது குளத்தில் பளபளப்பது 1955-இல் எழுப்பியது. நேரம் போதவில்லை என்றால் நான் முதலில் விட்டுவிடச் சொல்வது இதைத்தான்.

அராஷியாமா மூங்கில் தோப்பு ஏழு மணிக்குள் என்றால் போகலாம். கியோன் பகுதியில் சில தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையக்கூடாது என்று 2024-இல் தடை போட்டு, மீறினால் 10,000 யென் அபராதம் என்று அறிவிப்பும் வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிற கெய்ஷாக்களை, அதாவது மரபான ஆடல்பாடல் கலைஞர்களை, வழிமறித்துப் படம் எடுத்தவர்களால் வந்த வினை. அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள்.

நாராவுக்கு ஒரு மதியம் போதுமா?

மான்களோடு படம் எடுக்க மட்டும் என்றால் போதும். ஆனால் நாராவை அப்படி முடித்துக்கொள்வது பெரிய இழப்பு.

தோதாய்ஜி கோயிலின் வெண்கல புத்தர் ஏறத்தாழ 15 மீட்டர் உயரம். 752-இல் இந்தச் சிலைக்குக் கண் திறந்தபோது, தூரிகையைப் பிடித்து விழியை வரைந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. சீனா வழியாக 736-இல் ஜப்பானுக்கு வந்தவர். அந்தத் தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கீழே கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டார்களாம், கண் திறக்கும் புண்ணியத்தில் எல்லோருக்கும் பங்கு கிடைக்கட்டும் என்று. நம் ஊர்ச் சிற்பிகள் இன்றும் செய்கிற அதே கண்திறப்பு, அங்கே அத்தனை கைகள் சேர்ந்து நடந்திருக்கிறது. போரிலும் தீயிலும் மண்டபம் இரண்டு முறை அழிந்தது. 1709-இல் கட்டி முடித்த இன்றைய மண்டபம் பழையதைவிட அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியும் உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து நின்றுவிடுவீர்கள்.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை ஏழரைக்கும், மற்ற மாதங்களில் எட்டுக்கும் திறப்பார்கள். முதல் ஆளாகப் போங்கள். மான்கள் ஆயிரத்துக்கும் மேல். அரிசித் தவிட்டில் செய்த வட்ட பிஸ்கட்டை வாங்கிக் கையில் வைத்தாலே தலையைக் குனிந்து குனிந்து கேட்கும். தாமதித்தால் சட்டையைக் கடிக்கும். தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினால் விலகிப் போய்விடும். கையில் வரைபடமோ டிக்கெட்டோ இருந்தால் பைக்குள் வையுங்கள், காகிதத்தையும் தின்னும். இலையுதிர்காலத்தில் ஆண் மான்களுக்குக் கிட்டே குழந்தைகளை விடக்கூடாது.

நம் தெய்வங்கள் ஜப்பானில் இருப்பதாகச் சொல்கிறார்களே, எங்கே பார்க்கலாம்?

உண்மைதான். பௌத்தத்தோடு சேர்ந்து சீனா வழியாகப் போனவர்கள். சரஸ்வதி அங்கே பென்சாய்தென். பிவா என்ற நரம்பு வாத்தியத்தோடு, பெரும்பாலும் நீர்நிலை ஓரமாக இருப்பாள். டோக்கியோவின் உவேனோ பூங்காவில் ஷினோபாசு குளத்தின் நடுவே அவளுக்கு ஒரு கோயில் உண்டு. காமகுராவுக்குப் பக்கத்தில் எனோஷிமா தீவே அவளுடையது.

பிள்ளையாரைப் பார்க்க அசாகுசாவில் சென்சோஜியிலிருந்து வடகிழக்கே பத்து நிமிடம் நடந்தால் மத்சுச்சியாமா ஷோதென். இங்கே மூர்த்தியைக் கண்ணால் பார்க்க முடியாது, மறைத்தே வைத்திருக்கிறார்கள். படைப்பது முழு வெள்ளை முள்ளங்கி. கோயிலிலேயே வாங்கி, தட்டில் வைத்துச் சன்னதி முன்னால் வைத்துக் கும்பிடலாம். கோயில் முழுக்கத் தூண்களிலும் படிகளிலும் முள்ளங்கியும் பணப்பையும் செதுக்கியிருக்கும். சென்சோஜிக் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே வருவதில்லை. காலையில் போனால் அக்கம்பக்கத்து முதியவர்கள் மட்டும் வந்து வணங்கிவிட்டுப் போவார்கள்.

இன்னொரு இடம் கியோட்டோவின் சான்ஜூசாங்கென்தோ. 120 மீட்டர் நீள மர மண்டபத்தில் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேஸ்வரரின் ஆயிரத்தொரு சிலைகள் வரிசை வரிசையாக. அவற்றுக்கு முன்னால் 28 காவல் தெய்வங்கள். பிரம்மா, இந்திரன், லட்சுமி, கருடன் எல்லோரும் அங்கே உண்டு. கருடன் குழலூதிக்கொண்டிருப்பார். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. எனக்கு அந்த விதி பிடிக்கும், எல்லோரும் நின்று நிதானமாகப் பார்க்கிறார்கள்.

ஃபூஜி மலையை எங்கிருந்து பார்ப்பது? ஏற முடியுமா?

ஷின்ஜுக்குவிலிருந்து கவகுச்சிகோ ஏரிக்கு நேரடிப் பேருந்து, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே ஓர் இரவு தங்குவதே நல்லது. காரணம், 3,776 மீட்டர் மலை முழுவதும் மேகத்தில் ஒளிந்துகொள்ளும், அதுவும் கோடையில் நாட்கணக்கில். விடியற்காலையில் தெளிந்திருந்து எட்டு மணிக்குள் மூடிவிடுவதும் உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெரிவதற்கு வாய்ப்பு அதிகம். டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகிற புல்லட் ரயிலில் வலதுபக்கச் சன்னல் இருக்கை எடுத்தால் சுமார் முக்கால் மணி நேரத்தில் அங்கிருந்தும் தெரியும்.

ஏறுவதற்கு ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் முதல் பத்து நாள் வரைதான் அனுமதி. 2025 முதல் எல்லாப் பாதைகளிலும் ஆளுக்கு 4,000 யென் கட்டணம். யோஷிதா பாதையில் மலைக்குடிலில் இடம் பதிவு செய்யாதவர்களை மதியம் இரண்டு மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். கோடை என்று நினைத்து மெல்லிய சட்டையோடு போகாதீர்கள், உச்சியில் இரவு உறைபனிக்குப் பக்கத்தில் இருக்கும்.

கவகுச்சிகோவில் ஒரு சிறு கடையின் பின்னால் மலை தெரியும் காட்சிக்காகச் சாலையின் குறுக்கே பாய்ந்து படம் எடுத்தவர்களைத் தடுக்க, 2024-இல் ஊராட்சியே கறுப்புத் திரை கட்டியது. சாலை ஓரத்தில் இருப்பவர்களுக்கு அது அன்றாட வாழ்க்கை நடக்கிற இடம் என்பதை மறக்க வேண்டாம்.

ஒசாகா?

சாப்பிட, சுற்ற, பொழுதுபோக்குப் பூங்காவுக்கு. உணவுக்கடைகள் நிறைந்த தோத்தொன்போரி பகுதியில் ஒரு மாலை போதும். ஒசாகா கோட்டை 1931-இல் கான்கிரீட்டில் கட்டியது, உள்ளே மின்தூக்கியும் அருங்காட்சியகமும்தான். உண்மையான பழைய கோட்டை வேண்டுமென்றால் ஹிமேஜி போங்கள். 1609-இல் முடித்த அந்த வெள்ளைக் கோட்டையில் செங்குத்தான மர ஏணிப்படிகளில் ஏறி உச்சி வரை போகலாம். ஏறுவதற்குச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். தேசியப் பொக்கிஷம், 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஹிரோஷிமாவுக்குக் குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் அழைத்துப் போங்கள். அமைதி நினைவு அருங்காட்சியகம் மனத்தைப் பிழியும். 1945 ஆகஸ்ட் 6, காலை 8:15-க்கு அங்கே என்ன நடந்தது என்பதைச் சிதைந்த பொருட்களை வைத்தே சொல்கிறார்கள்: மூன்று வயதுக் குழந்தை ஓட்டிக்கொண்டிருந்த முச்சக்கர வண்டி, கரிந்துபோன மதியச் சாப்பாட்டு டப்பா. சின்னப் பிள்ளைகளை வெளியே பூங்காவில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் மாறி மாறிப் போய்வரலாம். பூங்காவில், அணுகுண்டுக் கதிர்வீச்சால் நோயுற்று இறந்த சடாகோ என்ற சிறுமியின் நினைவாக எழுந்த சிறுவர் நினைவுச்சின்னத்தைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டுகளில் லட்சக்கணக்கான காகிதக் கொக்குகள். உங்கள் பிள்ளைகள் மடித்துக் கொண்டுபோன கொக்குகளையும் அங்கே வைக்கலாம்.

அன்று மாலையே மியாஜிமா தீவுக்குப் போய்விடுங்கள். படகில் பத்து நிமிடம். கடலுக்குள் நிற்கும் சிவப்புத் தோரணவாயில் ஏற்றத்தின்போது தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும், வற்றத்தின்போது காலடி வரை நடந்து போகலாம். இரண்டையும் பார்க்க அன்றைய ஏற்ற வற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

ரயில் பாஸ் வாங்க வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு இப்போது வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் விலை ஏறி, ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்குப் புல்லட் ரயிலில் ஒருவழி சுமார் 14,000 யென். போய்வந்தாலே 28,000-தான் ஆகிறது. ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலும் 50,000 வராது. அதோடு மிக வேகமான நொசோமி ரயிலில் பாஸ்காரர்கள் கூடுதலாகப் பணம் கட்ட வேண்டும். ஒரே வாரத்தில் நாட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடுபவர்களுக்கு மட்டும் கட்டுபடியாகும்.

ஊருக்குள் சுற்ற சுய்கா, பாஸ்மோ, இக்கோகா என்ற தொடு அட்டைகளில் ஏதேனும் ஒன்று இருந்தால் போதும். ரயில், பேருந்து, கடை எல்லாவற்றுக்கும் செல்லும். நீளம், அகலம், உயரம் கூட்டினால் 160 செ.மீ.க்கு மேல் வரும் பெட்டிக்குப் புல்லட் ரயிலில் தனி இருக்கை வகையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

நான் சுத்த சைவம். அங்கே பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் ஏற்பாடு வேண்டும். சிக்கல் கண்ணுக்குத் தெரிகிற இறைச்சியில் இல்லை. தாஷி என்ற சாற்றில் இருக்கிறது. காய்ந்த சூரை மீனைச் சீவி வேகவைத்து எடுக்கும் அந்தச் சாறுதான் மிசோ சூப், உதோன் நூடுல்ஸ், சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பு, பல காய்கறிக் கூட்டுகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை. “சைவம்” என்று மட்டும் சொன்னால் துண்டு இறைச்சியை எடுத்துவிட்டு அதே சாற்றில் கொண்டுவந்து வைப்பார்கள், மனமறிந்து ஏமாற்றுவது கிடையாது. அதனால் இறைச்சி, மீன், முட்டை, மீன் தாஷி எதுவும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் கைபேசியில் வைத்துக் காட்டுங்கள்.

தெருமுனைக் கடைகளில் உமேபோஷி ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை, வெள்ளரி சுஷி கிடைக்கும்; கலந்துள்ள பொருட்களின் பட்டியலைக் கைபேசிக் கேமராவால் மொழிபெயர்த்துப் பார்த்துவிடுங்கள். டோக்கியோ நிலையத்துக்குள்ளேயே டீஸ் தான்தான் என்ற கடையில் முழுச் சைவ ராமென் நூடுல்ஸ் தருகிறார்கள். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் அதிகம். இந்திய மளிகைக் கடைகளும் உணவகங்களும் உண்டு.

சைவர்களுக்கு நான் மனதாரச் சொல்லும் இடம் கோயாசான். ஒசாகாவின் நம்பாவிலிருந்து ரயிலிலும் இழுவை ரயிலிலுமாக இரண்டு மணி நேரம். 816-இல் கூக்காய் என்ற துறவி நிறுவிய மலைத் தலம். ஐம்பதுக்கும் மேற்பட்ட மடங்களில் தங்கலாம். சாப்பாடு முழுக்கத் துறவியர் உணவு: எள்ளில் செய்த தோஃபு, உறையவைத்து உலர்த்திய தோஃபு, காய்கள், ஊறுகாய்கள். வெங்காயம், பூண்டுகூடக் கிடையாது. விடியலில் வழிபாடு, சில மடங்களில் நெருப்பு வளர்த்து ஹோமம் செய்வார்கள், நாம் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம். ஓக்குனோயின் என்ற இடத்தில் ஓங்கிய தேவதாருக்களுக்கு நடுவே இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கல்லறைகள், இரண்டு கிலோமீட்டர் பாதை. அதன் முடிவில் கூக்காய் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்புகிறார்கள். நாம் ஜீவசமாதி என்போமே, அதே நம்பிக்கை. தினமும் காலையில் இருமுறை அவருக்கு உணவு கொண்டுபோகிறார்கள். பத்தரை மணிக்கு அங்கே நின்றால் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறவிகள் பாலத்தைக் கடப்பதைப் பார்க்கலாம்.

இரண்டாவது முறை போகிறோம். கொஞ்சம் ஒதுங்கிய இடங்கள் சொல்லுங்கள்.

கனசாவா. டோக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரம். கென்ரோகுயென் தோட்டத்தில் பனிக்காலத்துக்கு முன் மரக்கிளைகள் பனிப் பாரத்தில் முறியாதபடி உச்சிக் கம்பத்திலிருந்து கூம்பு வடிவில் கயிறு கட்டுவார்கள், அதைப் பார்க்கவே நவம்பரில் போகலாம். அங்கிருந்து பேருந்தில் ஷிரகவாகோ. செங்குத்தான வைக்கோல் கூரை வீடுகள், பனி சறுக்கி விழும்படி கட்டியவை. மாடியில் முன்பு பட்டுப்புழு வளர்த்தார்கள். பகலில் பேருந்து பேருந்தாக வருவார்கள், ஆகவே அந்த வீடுகளில் ஒன்றிலேயே இரவு தங்க இடம் கிடைக்கிறதா பாருங்கள். நிக்கோவில், ஷோகுன் என்ற ராணுவ ஆட்சியாளராக இருந்த தொகுகவா இயேயாசுவின் நினைவாலயம், மூன்று குரங்குச் சிற்பம் அங்கேதான். வடக்கே ஹொக்கைதோவில் ஜூலையில் ஃபுரானோ லாவண்டர் வயல்கள், பிப்ரவரியில் சப்போரோ பனித்திருவிழா.

வெந்நீர் ஊற்றுக் குளியலில் நிர்வாணமாகத்தான் இறங்க வேண்டுமாமே?

ஆமாம். ஆண், பெண் தனித்தனிக் குளம். முதலில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு அப்புறம்தான் குளத்தில் இறங்க வேண்டும். துண்டைத் தண்ணீருக்குள் நனைக்கக் கூடாது. கூச்சமாக இருந்தால் அறையோடு சேர்ந்த தனிக் குளமோ, குடும்பமாக ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுக்கும் குளமோ உள்ள விடுதியைப் பிடியுங்கள். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை, முன்கூட்டியே கேளுங்கள்.

அப்பா அம்மாவுக்கு எழுபது வயது. அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஆனால் நாளுக்கு ஓர் இடம், அதிகம் போனால் இரண்டு. ரயில் நிலையங்களில் மின்தூக்கி உண்டு, அதைத் தேடித்தான் நிறைய நடக்க வேண்டியிருக்கும். ஷின்ஜுக்கு போன்ற நிலையங்களுக்குள்ளேயே கால் வலித்துவிடும், எனவே நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலாகப் பிடியுங்கள். பெரிய பெட்டிகளை நீங்கள் இழுக்க வேண்டாம். தக்கியூபின் என்ற சேவையில் ஓட்டல் வரவேற்பறையிலேயே கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் அடுத்த ஊர் ஓட்டலுக்கு வந்துவிடும். ஒரு நாள் மாற்றுத் துணியோடு கைவீசி ரயிலேறலாம். கியோட்டோவில் வயதானவர்களோடு நெரிசல் பேருந்தில் ஏறுவதைவிட வாடகைக் கார் நல்லது. நான்கு பேர் பகிர்ந்தால் செலவும் பெரிதாகத் தெரியாது.

பணமாகக் கொண்டுபோக வேண்டுமா, அட்டை போதுமா?

இரண்டும். கோயில் நுழைவுச்சீட்டு, சின்னக் கடைகள், கிராமத்துப் பேருந்துகளில் ரொக்கம்தான். செவன் இலெவன் கடைகளின் பண இயந்திரங்களில் வெளிநாட்டு அட்டைகள் வேலை செய்யும். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை, மேசையில் வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். தெருவில் குப்பைத் தொட்டி அபூர்வம், ஒரு பையில் போட்டு அறைக்கு எடுத்து வாருங்கள். ரயிலில் கைபேசியில் சத்தமாகப் பேசக் கூடாது.

பையில் எதை எடுத்துப் போகக் கூடாது?

இறைச்சி எந்த வடிவத்திலும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம், முருங்கைக்கீரை போன்ற செடிகொடிப் பொருட்களைச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுபோக முடியாது. பல பழங்களுக்கு முழுத் தடையே உண்டு. சளி மாத்திரைகளில் கவனம் தேவை. சூடோஎபெட்ரின் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலோ, கோடீன் ஒரு விழுக்காட்டுக்கு மேல் இருந்தாலோ பிரச்சினை வரும். நம்மூரில் சாதாரணமாகக் கிடைக்கிற மாத்திரை அங்கே தடைப்பட்டதாக இருக்கலாம். வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளை மருத்துவர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துச் செல்லுங்கள். மின்சாரம் அங்கே 100 வோல்ட், இரண்டு தட்டைக் கம்பிச் செருகி. அதற்கேற்ற மாற்றி ஒன்று வாங்கிவிடுங்கள். கடவுச்சீட்டை ஓட்டலில் பூட்டி வைக்காமல் எப்போதும் உடன் வைத்திருங்கள், வெளிநாட்டுப் பயணிகளுக்கு அது சட்டப்படி கட்டாயம்.